கை தூக்காமலே விழும் வீட்டோ

ராயபுரத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி ஒரு படிப்பகம் இருக்கிறது. கீழே கேரம் போர்டு, மாடியில் புத்தகங்கள். சனிக்கிழமை மாலையானால் சுற்றுவட்டாரக் கல்லூரிப் பிள்ளைகள் அங்கே கூடுவார்கள். மாணவர்கள் நாடுகளின் பிரதிநிதிகளாக உட்கார்ந்து வாதாடும் மாதிரி ஐ.நா. போட்டிகளுக்குத் தமிழிலேயே தயாராக வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. ஐ.நா. சாசனத்தையும் தீர்மானங்களையும் படித்து விளக்குவது என் வேலை.

போன மாதம் எடுத்துக்கொண்ட தலைப்பு, பாதுகாப்பு கவுன்சிலின் சீர்திருத்தமும் ராணுவத் தலையீடும். பதினைந்து இருக்கைகளை வட்டமாகப் போட்டோம். கை வைத்த நாற்காலி ஐந்து, அவை நிரந்தர உறுப்பினர்களான அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகியவற்றுக்கு. மற்ற பத்தும் ஸ்டூல், தற்காலிக உறுப்பினர்களுக்கு. 2022 பிப்ரவரி 25 அன்று உக்ரைன் பற்றி வந்த வரைவுத் தீர்மானத்தை எடுத்து வாக்கெடுப்பு நடத்தினோம். நிஜத்தில் நடந்த மாதிரியே 11 பேர் ஆதரவு. இந்தியா, சீனா, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் வாக்களிக்காமல் ஒதுங்கின. ரஷ்யாவாக உட்கார்ந்திருந்த பையன் எதிராகக் கை தூக்கினான். தீர்மானம் விழுந்தது. நிரந்தர உறுப்பினர் ஒருவர் எதிர்த்தாலே போதும், தீர்மானம் விழுந்துவிடும். இந்த அதிகாரத்துக்குத்தான் வீட்டோ என்று பெயர்.

ஸ்டூலில் இருந்த கொருக்குப்பேட்டைப் பையனுக்குப் பொறுக்கவில்லை. “இன்னாண்ணா இது? சண்டைக்குப் போனதே அவுங்க. அவுங்களே ஓட்டுப் போட்டு அவுங்களே தள்ளுபடி பண்ணிக்குவாங்களா?” என்றான்.

அவன் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. சாசனத்தின் 27-ஆவது பிரிவிலேயே இதற்கு ஒரு வரி இருக்கிறது. தகராறில் ஒரு தரப்பாக இருக்கும் நாடு வாக்களிக்காமல் ஒதுங்க வேண்டும் என்கிறது அந்த வரி. ஆனால் அது சமரச முயற்சிகளைப் பற்றிய ஆறாவது அத்தியாயத் தீர்மானங்களுக்கும், வட்டார அமைப்புகள் வழியாகத் தீர்வு தேடும் தீர்மானங்களுக்கும்தான் பொருந்தும். பொருளாதாரத் தடை, படைபலம் இவற்றைப் பேசும் ஏழாவது அத்தியாயத்துக்குப் பொருந்தாது. அதாவது, பேச்சுவார்த்தைக்கு வா என்று சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் ஒதுங்க வேண்டும். கையைப் பிடித்துத் தடுக்கலாம் என்று முடிவெடுக்கும்போது ஒதுங்க வேண்டியதில்லை.

இப்படி எழுதிவைத்தது கவனக்குறைவால் அல்ல. 1945-இல் சான் பிரான்சிஸ்கோவில் சாசனம் எழுதப்பட்டபோது ஆஸ்திரேலியா தொடங்கிப் பல சிறிய, நடுத்தர நாடுகள் வீட்டோவை எதிர்த்தன. அமெரிக்கக் குழுவிலிருந்த செனட்டர் டாம் கொனாலி எழுந்து, வீட்டோ இல்லாவிட்டால் சாசனமே இல்லை என்று சொல்லி, கையிலிருந்த வரைவின் பிரதியைக் கூட்டத்தின் நடுவிலேயே கிழித்துப் போட்டார். அப்புறம் எதிர்ப்பு அடங்கிவிட்டது. அதே சாசனத்தில் 1945 ஜூன் 26 அன்று இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் ஆற்காடு ராமசாமி முதலியார். நீதிக்கட்சிக்காரர், 1920-களின் இறுதியில் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தவர். ரிப்பன் மாளிகையை ஒவ்வொரு முறை கடக்கும்போதும் எனக்கு இது நினைவுக்கு வரும். அன்று இந்தியா சுதந்திர நாடுகூட இல்லை. ஆனாலும் மேசையில் இடம் இருந்தது. மேசையில் இடம் இருப்பதும் முடிவெடுக்கும் உரிமை இருப்பதும் ஒன்றல்ல என்பதை அந்தக் கையெழுத்தைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

சீர்திருத்தம் என்றாலே நம் ஊடகங்களில் ஒரே ஒரு கேள்விதான் கேட்கப்படுகிறது: இந்தியாவுக்கு நிரந்தர இடம் எப்போது? கேள்வி நியாயமானது. தொடக்கத்தில் 51 நாடுகள் இருந்த ஐ.நா.வில் இன்று 193 நாடுகள். ஆப்பிரிக்காவின் 54 நாடுகளுக்குச் சேர்த்து ஒரு நிரந்தர இடம்கூடக் கிடையாது. இந்தியா, ஜப்பான், ஜெர்மனி, பிரேசில் ஆகிய நான்கும் 2005-இல் ஒரு திட்டம் கொடுத்தன. ஆறு புதிய நிரந்தர இடங்கள், நான்கு தற்காலிக இடங்கள், மொத்தம் 25. புதியவர்கள் 15 ஆண்டுகள் கழித்து மறுஆய்வு நடக்கும்வரை வீட்டோவைப் பயன்படுத்த மாட்டார்கள். ஆப்பிரிக்க நாடுகள் அதே ஆண்டில் எசுல்வினி உடன்பாட்டில், எங்களுக்கு இரண்டு இடம் வேண்டும், வீட்டோவோடு வேண்டும் என்றன. இத்தாலி, பாகிஸ்தான் முதலிய நாடுகள் புதிய நிரந்தர இடமே கூடாது என்று நின்றன. 2009 முதல் அரசுகளுக்கிடையே பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது. திருத்தி எழுத ஒரு பொது வரைவுகூட மேசைக்கு வரவில்லை.

“அவங்க விட்டுக்கொடுக்கவே மாட்டாங்க, இதைப் பேசி என்ன பிரயோசனம்?” என்று பிள்ளைகளில் சிலர் சலித்துக்கொண்டார்கள். அந்தச் சலிப்பை வரலாறு ஆதரிக்கவில்லை. கவுன்சில் ஒருமுறை மாறியிருக்கிறது. 1963 டிசம்பரில் உறுப்பினர் எண்ணிக்கையை 11-இலிருந்து 15-ஆக உயர்த்தும் தீர்மானம், எல்லா உறுப்பு நாடுகளும் இருக்கும் பொதுச்சபைக்கு வந்தபோது, ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஆதரித்து வாக்களித்தது, அப்போது தைவான் கையில் இருந்த சீன இடம் மட்டும்தான். சோவியத் ஒன்றியமும் பிரான்சும் எதிர்த்தன. அமெரிக்காவும் பிரிட்டனும் ஒதுங்கின. சாசனத் திருத்தத்துக்கு ஐந்து பேரும் ஒப்புதல் தந்தே ஆக வேண்டும். 1965 ஆகஸ்டில் திருத்தம் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஐந்து பேருமே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். விடுதலை அடைந்த ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றாக நின்றதால், முதலில் முகம் திருப்பியவர்களும் பின்னால் வந்தார்கள். அன்று அந்த நாடுகள் ஒரே பேச்சாக நின்றன. இன்று தங்களுக்குள்ளேயே பிரிந்து நிற்கின்றன.

சரி, இடம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 25 நாற்காலி போட்டாகிவிட்டது. அதனால் எங்கோ சாகக் கிடக்கும் மக்களுக்கு என்ன மாறும்? இந்தக் கேள்வியை அன்று மாடியில் நான் எழுப்பவில்லை. புழலில் இருந்து வரும் ஒரு மாணவி எழுப்பினாள். அங்கே ஈழத்திலிருந்து வந்தவர்களின் முகாம் இருக்கிறது. 2021-இலிருந்து அதை மறுவாழ்வு முகாம் என்கிறது அரசு. அவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் அங்கேதான். அதிகம் பேசமாட்டாள். அன்று மட்டும், “அண்ணா, 2009-ல யாரு வீட்டோ போட்டாங்க?” என்று கேட்டாள்.

யாரும் போடவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கே நாக்கு தடுமாறியது. வன்னியில் போர் உச்சத்தில் இருந்த அந்த மாதங்களில் இலங்கை விவகாரம் பாதுகாப்பு கவுன்சிலின் நிகழ்ச்சி நிரலில் ஏறவே இல்லை. சீனாவும் ரஷ்யாவும் அது உள்நாட்டு விவகாரம் என்றன. முறையான கூட்டத்துக்குப் பதிலாக, நியூயார்க்கில் ஐ.நா. கட்டடத்தின் அடித்தளத்து அறையில், பதிவேட்டில் வராத உரையாடல்கள் நடந்தன. தீர்மானம் எழுதப்படவில்லை. எழுதப்படாத தீர்மானத்துக்கு வீட்டோ தேவையில்லை. ஆகவே வீட்டோக்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் முள்ளிவாய்க்காலுக்கு அதில் இடமே இருக்காது.

அதற்கு முன்பே, 2008 செப்டம்பரில், ஐ.நா.வின் வெளிநாட்டு ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பினார்கள். போகாதீர்கள் என்று மக்கள் அலுவலக வாசலில் திரண்டு கெஞ்சினார்கள். போரின் கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் சொன்னது. ஐ.நா.வே தன்னைப் பற்றி நடத்திய உள்விசாரணையின் அறிக்கை, சார்லஸ் பெட்ரி தலைமையில், 2012 நவம்பரில் வெளியானது. அமைப்பே தோற்றுப்போனது என்று அது ஒப்புக்கொண்டது. போர் முடிந்த எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, 2009 மே 27 அன்று, ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை இலங்கை அரசைப் பாராட்டும் தொனியில் ஒரு தீர்மானத்தை 29-க்கு 12 என்ற கணக்கில் நிறைவேற்றியது. ஆதரித்த 29-இல் இந்தியாவும் ஒன்று. பேரவையில் எவருக்கும் வீட்டோ கிடையாது என்பதையும் சேர்த்தே நினைத்துப் பார்க்க வேண்டும். ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளின் எண்ணிக்கை அங்கே அதிகம். அந்த எண்ணிக்கை அன்று செத்தவர்கள் பக்கம் நிற்கவில்லை.

வீட்டோவில் இரண்டு வகை என்று நான் பிரித்துப் பார்ப்பது இதனால்தான். ஒன்று கை தூக்கிப் போடுவது. அது வெளிச்சத்தில் நடக்கிறது, கணக்கில் வருகிறது. 2022 ஏப்ரலில் ஐரோப்பாவின் குட்டி நாடான லீக்டன்ஸ்டைன் முன்னின்று கொண்டுவந்த பொதுச்சபைத் தீர்மானத்தின்படி, யாராவது வீட்டோ போட்டால் பத்து வேலை நாட்களுக்குள் பொதுச்சபை கூடும். போட்டவர் வந்து காரணம் சொல்ல அழைக்கப்படுவார். நல்ல முன்னேற்றம். இன்னொன்று கை தூக்காமலே விழுவது. எப்படியும் தடுத்துவிடுவார்கள் என்று தெரிந்து, யாரும் தீர்மானமே எழுதாமல் விடுவது. லீக்டன்ஸ்டைன் விதி இதைத் தொடவே இல்லை. 2009-இல் அந்த விதி இருந்திருந்தாலும் பொதுச்சபை கூடியிருக்காது.

இனி தலையீடு. உள்ளே நுழைந்து காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணத்தின் பின்னால் 1994-இன் ருவாண்டா இருக்கிறது. அங்கே சுமார் 8 லட்சம் பேர் வெட்டிக் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தபோது, கவுன்சில் அங்கிருந்த சுமார் 2,500 பேர் கொண்ட படையை 270-ஆகக் குறைக்கத் தீர்மானம் போட்டது. கொன்ற அரசின் தூதரே அந்த ஆண்டு தற்காலிக உறுப்பினராக அதே கவுன்சில் மேசையில் உட்கார்ந்திருந்தார். மறு ஆண்டு போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில், ஐ.நா. பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்த இடத்திலேயே 8,000-க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். இந்த வெட்கத்தில் பிறந்ததுதான் ‘காக்கும் பொறுப்பு’ என்ற கோட்பாடு. ஒரு அரசு தன் மக்களைக் காக்கத் தெளிவாகத் தவறினால் உலகம் கவுன்சில் வழியாக நடவடிக்கை எடுக்கலாம் என்று 2005 உலகத் தலைவர்கள் மாநாட்டில் எல்லா நாடுகளும் ஏற்றுக்கொண்டன. வழி கவுன்சில்தான். அதாவது அந்த ஐந்து கை வைத்த நாற்காலிகள்தான்.

2011 மார்ச் 17 அன்று லிபியாவுக்காக 1973-ஆம் எண் தீர்மானம் வந்தது. பொதுமக்களைக் காக்கத் தேவையான எல்லா நடவடிக்கைகளையும் எடுக்கலாம் என்றது. 10 நாடுகள் ஆதரவு. இந்தியா, பிரேசில், ஜெர்மனி, ரஷ்யா, சீனா ஒதுங்கின. லிபியாவின் பெங்காசி நகர மக்களைக் காக்க என்று தொடங்கிய நேட்டோ விமானத் தாக்குதல், ஏழு மாதத்தில் கடாபியின் ஆட்சியைக் கவிழ்ப்பதில் போய் முடிந்தது. அப்புறம் சிரியா பற்றி எரிந்தபோது ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ மேல் வீட்டோ போட்டன. லிபியாவைக் காட்டியே போட்டன. லிபியாவில் வரம்பு மீறியதன் விலையைச் சிரியாவின் பிள்ளைகள் கொடுத்தார்கள் என்று நான் நம்புகிறேன். பிரேசில் அந்த ஆண்டு நவம்பரில் ஒரு யோசனை சொன்னது: காக்கப் போகிறவர்களும் பொறுப்போடு காக்க வேண்டும், போகிற படை எதற்காகப் போகிறதோ அதற்குள் நிற்கிறதா என்று கவுன்சில் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். அந்த யோசனை விவாதத்தோடு நின்றுவிட்டது. எனக்கு இன்றும் அதுதான் இந்த விஷயத்தில் வந்தவற்றில் சிறந்த யோசனை.

கண்காணிப்போடு காலக்கெடுவும் வேண்டும். இதை வெகு சிலரே பேசுகிறார்கள். முடிவுத் தேதி இல்லாமல் ஒரு நடவடிக்கை தொடங்கிவிட்டால் அதை நிறுத்தவும் ஒரு தீர்மானம் தேவை. அந்தத் தீர்மானத்தையும் ஒருவர் வீட்டோவால் தடுக்கலாம். ஈராக் மீதான பொருளாதாரத் தடை 1990-இல் முடிவுத் தேதி இல்லாமல் போடப்பட்டது. பெரும்பாலான நாடுகள் தளர்த்தச் சொல்லியும், 2003 வரை ஈராக் மக்களை அது நசுக்கியது.

தலையீட்டைப் பற்றி வடசென்னைக்காரர்கள் புத்தகத்தில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. படிப்பகத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் தினமும் பேப்பர் படிக்கும் ஒரு பெரியவர் இருக்கிறார், துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கி ஓய்வு பெற்றவர். 1990 மார்ச்சில் இலங்கையிலிருந்து இந்திய அமைதிப்படை கப்பலில் திரும்பியதைப் பற்றி அவர் பிள்ளைகளிடம் சொன்னார்: “பசங்க பாவம், மொகமே செத்துப்போய் எறங்குனாங்க. போவ சொன்னது யாரோ, போய் மாட்டிக்கினது இவங்க. நம்ம ஊருல ஒருத்தரும் மாலை எடுத்துக்கினு போவல.” முதல்வராக இருந்த கருணாநிதி அந்த வரவேற்புக்குப் போகவில்லை. 1987 ஜூலையில் இலங்கை அரசோடு போட்ட ஒப்பந்தத்தின்படி, அந்த அரசு கேட்டுப் போன படை அது. தமிழர்களைக் காக்கத்தான் போகிறது என்று இங்கே நம்பினோம். மூன்றே மாதத்தில், அக்டோபர் 21 அன்று, யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியர்களுமாக அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் படையின் துப்பாக்கிக்கு இரையானார்கள். படையிலும் சுமார் 1,200 வீரர்கள் திரும்பவே இல்லை. ஐ.நா. தீர்மானம் கிடையாது, தெளிவான எல்லை கிடையாது, காலக்கெடு கிடையாது, வெளியிலிருந்து கேள்வி கேட்க யாரும் கிடையாது.

இதே துறைமுகத்தில் வேறு ஒரு கப்பலும் வந்திருக்கிறது. கொரியப் போர் முடிந்ததும், சொந்த நாட்டுக்குத் திரும்ப மறுத்த கைதிகளைப் பாதுகாக்கும் வேலை இந்தியாவுக்குத் தரப்பட்டது. ஜெனரல் திம்மையா அதை முன்னின்று நடத்தினார். இரண்டு கொரியாவும் வேண்டாம், சீனாவும் வேண்டாம் என்று சொன்ன 88 பேர் 1954 பிப்ரவரியில் இந்தியப் படையினரோடு சென்னையில் வந்து இறங்கினார்கள். அந்தப் படைக்கு வேலை என்ன என்பது எழுத்தில் இருந்தது, எத்தனை நாள் என்பதும் இருந்தது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டிருந்தன. இந்த இரண்டு கப்பலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன் பிள்ளைகளை. படை அனுப்பலாமா கூடாதா என்று பொத்தாம்பொதுவாக வாதாடிக்கொண்டிருந்தவர்கள், அதற்கப்புறம் என்ன நிபந்தனையோடு அனுப்புவது என்று பேச ஆரம்பித்தார்கள்.

ஒரு விஷயத்தை மறைத்துவிட்டு இதை எழுதினால் நேர்மையாக இருக்காது. வீட்டோவால் இந்தியாவும் காப்பாற்றப்பட்டிருக்கிறது. 1971-இல் கிழக்கு வங்கத்திலிருந்து ஒரு கோடி பேர் அகதிகளாக வந்து குவிந்தபோது கவுன்சில் அசையவில்லை. டிசம்பரில் இந்தியப் படை உள்ளே போனதும் போர் நிறுத்தத் தீர்மானங்கள் வரிசையாக வந்தன. சோவியத் ஒன்றியம் அவற்றை வீட்டோவால் தடுத்தது. அது தடுக்காமல் இருந்திருந்தால் வங்கதேசம் அந்த டிசம்பரில் பிறந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஆகவே வீட்டோவை ஒரே வெட்டாக வெட்டிவிடு என்று என்னால் சொல்ல முடியவில்லை. இனப்படுகொலை, பெருங்குற்றங்கள் நடக்கும்போது மட்டும் வீட்டோவை ஒதுக்கி வைப்போம் என்று 2015-இல் பிரான்சும் மெக்சிகோவும் சொன்ன வழி நடைமுறைக்கு நெருக்கமானது. அதே ஆண்டில் இதே கருத்தோடு சிறிய நாடுகள் எழுதிய நடத்தை விதியை நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றிருக்கின்றன. நிரந்தர உறுப்பினர்களில் பிரிட்டனும் பிரான்சும் ஏற்றன. மற்ற மூன்றும் ஏற்கவில்லை. காசா போர் தொடங்கியதிலிருந்து அமெரிக்கா பலமுறை போர் நிறுத்தத் தீர்மானங்களைத் தனி ஒரு கையால் தடுத்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

நிரந்தர இடம் கேட்கும் இந்தியா, அந்த இடம் கிடைத்தால் கூட்டுக்கொலை நடக்கும்போது ஒருபோதும் வீட்டோ போட மாட்டோம் என்று இன்றே எழுத்தில் தர வேண்டும் என்பது என் கோரிக்கை. 15 ஆண்டுகள் தள்ளிவைக்கிறோம் என்பது போதாது. அப்படி எழுதித் தந்தால், எங்களுக்கும் அதே அதிகாரம் கொடு என்ற குரல், எல்லாருக்கும் இந்தக் கட்டுப்பாடு என்ற குரலாக மாறும். 1963-இல் கூடி நின்ற நாடுகள் மறுபடி கூடுவதற்கு அது ஒரு காரணமாகலாம்.

சாசனத் திருத்தத்துக்குக் காத்திருக்காமலே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஒரு விவகாரத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பது நடைமுறை சார்ந்த முடிவு. அதற்கு வீட்டோ கிடையாது. 15-இல் ஒன்பது கை தூக்கினால் போதும். 2006 செப்டம்பரில் மியான்மரை இப்படித்தான் நிகழ்ச்சி நிரலில் ஏற்றினார்கள். சீனாவும் ரஷ்யாவும் எதிர்த்தன, 10-க்கு 4 என்று தோற்றன. மறு ஜனவரியில் வந்த தீர்மானத்தை இருவரும் வீட்டோவால் வீழ்த்தினார்கள், உண்மைதான். ஆனால் வெளிச்சத்தில், பெயர் பதிவாகி வீழ்த்தினார்கள். 2009-இல் வன்னிக்காக ஒன்பது கை சேரவில்லை. அடித்தளத்து அறைக்குப் போனதற்கு ஐந்து பேர் மட்டும் காரணம் இல்லை என்பதையும் புழல் மாணவியிடம் சொன்னேன். “அப்ப ஒன்பது பேரு போதுமாயிருந்துச்சா?” என்று கேட்டுவிட்டு அவள் அந்த எண்ணை நோட்டில் எழுதி வட்டம் போட்டாள்.

இந்தியா இதுவரை எட்டு முறை தற்காலிக உறுப்பினராக இருந்திருக்கிறது. 2028–29-க்கு மறுபடியும் போட்டியிடுகிறது. வென்றால் அந்த ஒன்பதில் ஒரு கை நம்முடையது.

அடுத்த சனிக்கிழமை அந்த மியான்மர் வாக்கெடுப்பை நடத்திப் பார்க்கப் போகிறோம். அதைக் கேட்டு வாங்கியது வியாசர்பாடி பி.வி. காலனிப் பையன். அவன் பாட்டி மியான்மரின் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர். எந்த நாடாக உட்காருகிறாய் என்று கேட்டதற்கு, கை வைத்த நாற்காலி வேண்டாம், ஸ்டூல் போதும் என்றான்.